முடியாத படம்

அரையாண்டு விடுமுறையில் திருப்பூரில் தங்கை வீட்டில் ஐந்து நாள் இருந்தேன். லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டுக் குடும்பங்கள், எட்டுக்கும் சேர்த்து இரண்டு குளியலறை. தங்கை பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஆர்டர் நிறைய இருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் விடுவார்கள், வீடு வந்து சேர ஒன்பதாகும். மாப்பிள்ளைக்குச் சாயப்பட்டறையில் வேலை. பையனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பள்ளி இல்லாத நாட்களில் பகல் முழுக்க அவன் தனியாகத்தான் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பாட்டி அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். மற்றபடி துணை, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு பழைய செல்.

அந்தச் செல்லை ஏன் அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாய் என்று கேட்டேன். "அது இல்லேன்னா நான் எப்படிண்ணே நிம்மதியா வேலை பாக்குறது? ரோட்டுக்கு ஓடிருவான். தண்ணி லாரி எந்நேரமும் போய்க்கிட்டு இருக்கு. செல்லு இருந்தா வீட்டுக்குள்ளயே இருப்பான். நான் கூப்பிட்டா எடுப்பான்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அந்தச் செல்தான் அந்த வீட்டின் காவல்காரன், ஆயா, விளையாட்டு மைதானம் எல்லாமே.

மூன்றாம் நாள் மதியம், செஸ் வீடியோ ஒன்றைக் காட்டுகிறேன் என்று அவனே செல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைத் தேட, யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்தோம். தங்கை கொண்டுபோகும் செல், இந்தப் பழைய செல் இரண்டிலும் அவளுடைய ஒரே கணக்குதான். அதனால் அம்மா பார்ப்பதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கிறது. அன்றைய பட்டியலின் அடியில் கந்த சஷ்டி கவசம். தங்கை காலையில் சமைக்கும்போது போட்டது. அதற்கு மேல் 'நாலே மூவில் செக்மேட்'. அது அவனே தேடிப் பார்த்தது. எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்யவில்லை, மைக்கை அழுத்திச் சொல்லியிருக்கிறான். அந்த நாலு மூவை முந்தின நாளே என்னிடம் ஆடிக் காட்டி என் ராஜாவைக் கட்டிப்போட்டிருந்தான். சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாத பையன், செஸ் போர்டு இல்லாத வீட்டில், அட்டையில் கட்டம் போட்டுக் கற்றுக்கொண்டது அது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

அதற்கு மேலே எதையும் அவன் தேடவில்லை. வந்துகொண்டே இருந்திருக்கிறது. செஸ் முடிந்ததும் இன்னொரு செஸ். பிறகு பொம்மை லாரி. பிறகு நிஜ லாரி கவிழும் கேம். ஒருவர் அண்டா நிறையப் பிரியாணியைத் தனியாகத் தின்று தீர்ப்பது. ஒரு சின்னப் பெண்ணைப் பயமுறுத்தி அழவைத்து, சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பது. முகமெல்லாம் ரத்தம் பூசிய பேய். நடுவில் ஷார்ட்ஸ் என்கிற குறுங்காணொளிகள் தனி வரிசையாக ஓடின. அவற்றை எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன். அப்போது மணி இரண்டரைதான்.

பேய் வீடியோவைக் காட்டி, இதை ஏன் பார்த்தாய் என்று கேட்டேன். "நான் பாக்கலை மாமா, அதுவா வந்துச்சு" என்றான்.

அந்தப் பதிலை நான் அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை. பட்டியலில் ஒன்று அவன் பார்த்தது. மற்றதெல்லாம் அவனுக்குக் காட்டப்பட்டது. அரசாங்கம் குழந்தைகளைக் காணொளித் தளங்களிலிருந்து தடுக்கலாமா என்று இன்று உலகம் முழுவதும் நடக்கும் விவாதத்தில், இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிற குரல் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது.

அதே வாரம் பத்திரிகையில் ஒரு செய்தி. இணையத்தில் குழந்தைகளின் கண்ணில் படும் ஆபாசம் பற்றிய பொதுநல வழக்கொன்றில், ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தது போன்ற சட்டத்தை இங்கேயும் ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருந்தது. ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் உள்ளிட்ட பத்துத் தளங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தடுக்க முயற்சி எடுக்காத கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். யூடியூப் முதலில் விலக்குப் பெற்றிருந்தது, பாடம் படிக்க உதவுகிறது என்று. இணையப் பாதுகாப்பு ஆணையர் ஜூலி இன்மன் கிராண்ட் அந்த விலக்கு கூடாது என்று பரிந்துரைத்தார். 2025 ஜூலையில் அரசு யூடியூபையும் பட்டியலில் சேர்த்தது.

தண்டனையைப் பிள்ளையின் தலையில் வைக்காமல் கம்பெனியின் தலையில் வைத்தது பெரிய காரியம். அந்த ஒரு முடிவுக்காகவே அந்தச் சட்டத்தை மதிக்கிறேன். ஆனால் அது எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கிறது. பார்ப்பதைத் தடுக்கவில்லை. கணக்கு இல்லாமல் யூடியூபைத் திறந்தால் அங்கேயும் படம் ஓடும். கணக்கோடு சேர்த்துப் பெற்றோர் வைத்திருந்த கட்டுப்பாடுகளும் போய்விடும் என்று யூடியூப் சொன்னது. தன் லாபத்துக்காகச் சொன்னாலும் அது உண்மைதான்.

இந்தச் சட்டத்தை அப்படியே திருப்பூருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? என் தங்கை மகனுக்குக் கணக்கே கிடையாது. அந்தத் தளத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு பையன் இந்த உலகத்தில் இல்லை. இருப்பது முப்பத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி. அவள் காலையில் கவசம் கேட்கிறாள், பகலில் பொம்மை லாரி பார்க்கிறாள். நம் வீடுகளில் செல் ஒரு ஆளுக்குச் சொந்தமானதல்ல, வீட்டுக்குச் சொந்தமானது. அம்மா செல், மாமா செல், வெளிநாட்டிலிருக்கும் அப்பா வாங்கிக்கொடுத்த செல். ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி, ஒரு கணக்கு என்று நினைத்து எழுதப்படும் சட்டம், நம் பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தொடாமலே கடந்து போய்விடும்.

நம்முடைய சட்டத்திலும் இதே ஓட்டை இருக்கிறது. 2023-இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள் என்கிறது. பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெறாமல் அவர்களுடைய தரவுகளைத் தொடக் கூடாது, அவர்களுடைய நடத்தையைப் பின்தொடரக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நல்ல வாசகங்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, இந்தப் பகுதி நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். ஆனால் அந்த ஒப்புதலை யார் கொடுக்கப் போகிறார்கள்? தங்கைக்கு ரீசார்ஜ் செய்து கொடுப்பதே அவள் மகன்தான். திரையில் ஏதாவது கட்டம் வந்து நின்றால், "டேய், இது என்னான்னு பாரு" என்று அவனிடம்தான் நீட்டுகிறாள். அம்மாவின் சம்மதத்தைப் பிள்ளையே அழுத்திவிட்டு விளையாடப் போய்விடுவான்.

தடை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2019 ஏப்ரல் 3 அன்று இதே மதுரைக் கிளைதான், டிக்டாக்கைத் தடைசெய்ய ஒன்றிய அரசுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. சிறுவர் சிறுமியர் அதில் சீரழிகிறார்கள் என்பது நீதிபதிகளின் கவலை. மூன்று வாரத்தில் தடை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று வேறொரு காரணத்துக்காக, எல்லைப் பிரச்சினையை ஒட்டி, தடைசெய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்றாக டிக்டாக் இந்தியாவிலிருந்து மொத்தமாகவே போனது. போனபின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகத்திலேயே முதன்முதலாக இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டது. கடையைப் பூட்டினோம், சரக்கு அடுத்த கடைக்குப் போயிற்று. விரலால் மேலே தள்ளினால் அடுத்தது வரும் என்கிற அந்த வடிவத்தை யாரும் தொடவில்லை. திருப்பூர் லைன் வீட்டில் ஒரு பையன் மதியம் இரண்டரை மணிக்குள் அறுபதைத் தாண்டியது அந்தச் சரக்கில்தான்.

தென்கொரியாவின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். செல்லில் ஆடும் விளையாட்டுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவும் இல்லை. எல்லோரும் செல்லுக்கு மாறியபோது சட்டம் கணினிக்குக் காவல் நின்றது. பத்து ஆண்டு கழித்து அவர்களே அதை ரத்து செய்தார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் அரசு தலையிடவே கூடாது என்கிறவன் என்று என்னை எண்ண வேண்டாம். தலையிட்டே ஆக வேண்டும் என்கிறவன் நான். எங்கே கை வைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

என் சிறுவயதில் வெள்ளிக்கிழமை ஆனால் தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்'. தெருவில் ஒரே ஒரு வீட்டில் டிவி. திண்ணை, வாசல், ஜன்னல் எல்லாம் பிள்ளைகள். பாட்டுகள் முடிந்ததும் நிகழ்ச்சி முடிந்துவிடும். இன்னும் ஒரு பாட்டுப் போட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே எழுந்து போவோம். அந்த ஏக்கத்தோடு தெருவில் அந்தப் பாட்டுகளை நாங்களே பாடி ஆடுவோம். டூரிங் டாக்கீஸிலும் அப்படித்தான். 'வணக்கம்' என்று எழுத்து விழும், விளக்கு எரியும், மணலைத் தட்டிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். 'ஏ' சான்றிதழ்ப் படம் என்றால் டிக்கெட் கிழிப்பவர் வாசலில் நிறுத்திவிடுவார். சிலர் ஏமாற்றிவிட்டுப் போனதும் உண்டு. ஆனால் உள்ளே போனவனும் இரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்தே ஆக வேண்டும். கதைப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. பாட்டி சொன்ன கதைக்கும் முடிவு இருந்தது. அடுத்த கதைக்குப் பாட்டியைக் கெஞ்ச வேண்டும்.

இன்றைக்குக் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டிருப்பது அந்த முடிவுதான். தானாக நடந்ததும் அல்ல. 2012-இல் யூடியூப் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முக்கியம் என்று வைத்து, அதன்படி பரிந்துரைக்கத் தொடங்கியது. 2015-இல் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடும் ஏற்பாடு வந்தது. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. 'போதும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சக்தி ஒன்பது வயதில் இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சக்தி முளைக்கும் இடத்தில் ஒரு பெரிய தொழில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

கம்பெனிகளுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் தரவைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டக் கூடாது என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் தளம் பொதுவானது, குழந்தைகளுக்கானது அல்ல என்று சட்டத்தின் முன் நின்ற அதே யூடியூப், பொம்மைக் கம்பெனிகளிடம் போய், குழந்தைகள் கூடும் இடம் எங்களுடையதுதான் என்று விளம்பரம் விற்றது. 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவங்களை வைத்து வன்முறையும் வக்கிரமும் கலந்து மூட்டை மூட்டையாகக் காணொளிகள் இறங்குவதை எழுத்தாளர் ஜேம்ஸ் பிரிடில் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டியிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய சான்று. 2021-இல் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்குகளில் அந்தத் தானியங்கி ஓட்டத்தை யூடியூபே முன்கூட்டி நிறுத்திவைத்தது. அப்படியானால் நிறுத்த முடியும். நிறுத்துவது பிள்ளைகளுக்கு நல்லது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தங்கை மகனுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை, அவன் அம்மாவின் பெயரில் வாழ்வதால்.

ஆகவே என் கோரிக்கை இது. குழந்தை யார் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இறங்காதீர்கள். அதற்காக எல்லோரும் ஆதாரையும் முகத்தையும் காட்ட வேண்டிவரும். இங்கே அதிகாரத்தின் கையில் அப்படி ஒரு சாவியைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் துண்டித்த அதிவேக இணையம், 2021 பிப்ரவரியில்தான் முழுதாகத் திரும்பியது. பிள்ளைகளின் பெயரால் கட்டும் வேலி நாளைக்கு யாருக்கு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆளைச் சோதிப்பதற்குப் பதிலாகக் கருவியைத் திருத்தச் சொல்லுங்கள். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்ப்பவருக்கு ஒன்பது வயதானாலும் ஐம்பதானாலும், ஒரு காணொளி முடிந்தால் திரை நிற்க வேண்டும். கேட்டால்தான் அடுத்தது வர வேண்டும். ஷார்ட்ஸுக்குக் கடைசி என்று ஒன்று இருக்க வேண்டும். தொடர்ந்து வேண்டுகிற பெரியவர் தானே போய்த் திறந்துகொள்ளட்டும். இன்றைக்கு நிறுத்த விரும்புகிறவர்தான் பொத்தானைத் தேடி அலைகிறார். அந்தப் பாரத்தை மறுபக்கம் மாற்றுவது சட்டத்தின் வேலை. நியூயார்க் மாநிலம் 2024-இல் இதற்குப் பக்கத்திலிருக்கும் ஒரு சட்டத்தை இயற்றியிருக்கிறது: பெற்றோர் ஒப்புதலின்றிச் சிறுவர்களுக்கு அவர்களுடைய தரவை வைத்துத் தொடர்ந்து பரிந்துரைத்துக்கொண்டே போகக் கூடாது என்று. அதிலும் வயதுச் சோதனை இருக்கிறது. நமக்கு அது வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாகவே செய்யலாம்.

பெற்றவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படாமல் பேச முயல்கிறேன், முடிவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி பனியனில் ஓட்டை பார்க்கும் ஒருத்தியை, உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றோடு தனியாக மோதி ஜெயிக்கச் சொல்கிறோம். தோற்றால் பொறுப்பில்லாத தாய் என்கிறோம். அவள் செக்கிங் செய்யும் துணி ஐரோப்பாவுக்குப் போகிறது. குழந்தை உடை என்றால் கழுத்துக் கயிறு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதுவரை அங்கே விதி இருக்கிறதாம், அவளே சொன்னாள். அந்தக் கயிற்றில் அம்மாதான் கவனமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

தடுத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் அந்த லைன் வீட்டில்தான் கண்டேன். செல்லை வைத்துவிட்டு வா என்று அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். எங்கே போவது? தெருவில் லாரி. காலிமனை இருந்த இடத்தில் குடோன். கொரோனாவுக்குப் பின் 2021-இல் நம் மாநில அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கி, மாலை வேளைகளில் அந்தந்தத் தெருப் பிள்ளைகளை அந்தந்தத் தெருத் தன்னார்வலரிடம் உட்காரவைத்தது. பாட இழப்பை ஈடுகட்டத்தான் அது வந்தது. ஆனாலும், அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளை உட்கார ஒரு திண்ணையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காவும் இருந்தார்கள். விடுமுறை நாட்களின் பகலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். சட்டத்தைவிட அதற்குச் செலவு அதிகம் என்று தெரியும். செலவு செய்யத்தான் அரசு.

கிளம்புவதற்கு முந்தின நாள், பழைய செல்லில் தானாக ஓடுவதை நிறுத்திவைத்தேன். ஷார்ட்ஸுக்கு ஒரு நாள் வரம்பு வைக்கலாம், வைத்தேன். ஆனால் அது வந்து நிற்கும்போது தட்டிவிட்டு மேலே போய்விடலாம், போனான். செஸ் வீடியோ மட்டும் முடிந்ததும் நின்றது. அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். பிறகு செல்லைக் குலுக்கினான். "மாமா, நின்னுருச்சு" என்றான். முடிந்துவிட்டது என்றேன். சற்று நேரம் சும்மா இருந்தான். எழுந்து போய்ப் பரண் கீழிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஒரு மணி நேரம் ஆடினோம். அதன்பின் அவன் மறுபடி செல்லைத்தான் கேட்டான், மறைக்க விரும்பவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தங்கை வந்தபோது அவன் அதைப் பார்த்தபடியே தூங்கியிருந்தான். மார்பின்மேல் ஷார்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது.

டெல்லியில் இதைப் பற்றி மசோதா எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன், அம்மாவும் பிள்ளையும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வீட்டுக்குப் போங்கள். அனுமதி கேட்டு, அன்றைய பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். எது வரை அவன் தேடினான், எங்கிருந்து அதுவாக வந்தது என்று விரலை வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் போடுங்கள் உங்கள் சட்டத்தை.